இரண்டாம் டேங்க்கில் பச்சை

எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அருள்மொழியைப் போல் ஒரு பயந்த பிறவியை நான் பார்த்ததில்லை. கடைக்குக் கிளம்பும் முன் கேஸ் குமிழை மூன்று தடவை திருகிப் பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள்.

"ஏட்டி, உனக்குப் பயந்து பூட்டு தானா திறந்துக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லக்கா. பூட்டுனேன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. அந்த ஞாபகம் நேத்து பூட்டுனதா இருந்தா?"

போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வா என்றேன்.

அவள் பிறந்தது காடாம்புலியூர். அம்மா தனம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போனவர். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் விரல் ரேகையைத் தின்றுவிடும். ரேஷன் கடைக்குக் கைரேகை மிஷின் வந்த வருஷம், தனம் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். "நான் இங்கதான நிக்கிறேன், உன் மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சா பூடுச்சி?" என்று தனம் கத்தினாராம். கடைசியில் மகளைக் கூட்டிவந்து அவள் விரலை வைத்து அரிசி வாங்கிப் போனார். அருள்மொழி இதை என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள். ஆரம்பிக்கும்போது சிரிப்பாள். முடிக்கும்போது சிரிப்பு இருக்காது.

"ஆள் எதிர்ல நிக்கிறப்பவே ஆள் இல்லன்னு சொல்லுதுக்கா அது."

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தாள். சேத்தியாத்தோப்பு போகும் ரோட்டில், அனல்மின் நிலையச் சாம்பலை வாங்கிக் கட்டடக் கல் செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. பிறகு வெங்கடேஷைக் கட்டிக்கொண்டு சுரங்க டவுன்ஷிப்புக்கு வந்தாள். வெங்கடேஷ் சேலத்துப் பக்கம், சுரங்கத்தில் பர்மனென்ட். அவளுடைய அண்ணன் இளம்பரிதி அதே சாம்பல்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிட வருவான். "மாப்பிளைக்குக் கறிய அள்ளிப் போடு. எனக்குக் கொழம்பு மட்டும் ஊத்து, நான் கான்ட்ராக்டு" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். வெங்கடேஷுக்குத்தான் சாப்பாடு இறங்காது.

அந்தக் கம்பெனியில் மூன்று சாம்பல் டேங்க்குகள். ஒவ்வொன்றும் ஐந்து மாடி உயரம். லாரியில் வரும் சாம்பலைக் காற்றழுத்தத்தில் மேலிருந்து உள்ளே ஊதி நிரப்புவார்கள். சாம்பல் ஈரம் பட்டால் சுவரோடு சுவராகக் கட்டிக்கொள்ளும். அதைத் தட்டி உதிர்க்க, டேங்க்கின் அடியில் இருக்கும் வட்ட வாசல் வழியாக ஆள் உள்ளே போகவேண்டும். மாஸ்க்கும் காதடைப்பும் போட்டுக்கொண்டு, கையில் கடப்பாரையோடு. இளம்பரிதியின் வேலை அதுதான். அவன் உள்ளே இருக்கும்போது மேலே இருப்பவர் தெரியாமல் பட்டனை அழுத்தினால், இருபது டன் சாம்பல் தலையில் இறங்கும். மாவு மாதிரி சாம்பல். கத்த வாய் திறந்தால் அதற்குள்ளும் போய்விடும்.

பட்டன் இருப்பது மேலே ஒரு கேபினில். அறுபத்திரண்டு இரும்புப் படி ஏறவேண்டும். அங்கே இருப்பவர் சங்கரலிங்கம். ஐம்பது வயது, முழங்கால் வலி, வாய் நிறைய வசவு.

முன்பு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டேங்க்குக்குள் இறங்குகிறவன் தன் சாப்பாட்டுப் பையைக் கேபினில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். மூன்று டேங்க்குக்கு மூன்று ஆணி. பை தொங்கினால் சங்கரலிங்கம் அந்தப் பட்டன் பக்கமே திரும்பமாட்டார். வெளியே வந்தவன் பையை எடுத்தால்தான் சாப்பிட முடியும், அதனால் எவனும் எடுக்க மறந்ததில்லை. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. அவர்களாகப் பார்த்துக்கொண்டது.

புதிதாக வந்த மேனேஜர் சுபாஷுக்கு இது பிடிக்கவில்லை. "கன்ட்ரோல் ரூமா, கல்யாண மண்டபமா? ஊறுகா வாசனை வருது" என்றானாம். மூன்று ஆணியையும் பிடுங்கச் சொல்லிவிட்டு, டேங்க் வாசலில் கார்டு தேய்க்கும் மிஷினும் கேபினில் ஒரு ஸ்கிரீனும் வைத்தான். உள்ளே போகும்போது ஒரு தடவை கார்டைத் தேய்க்கவேண்டும், வெளியே வரும்போது ஒரு தடவை. ஆள் இருந்தால் ஸ்கிரீனில் அந்த டேங்க் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. இதைச் செய்துகொடுத்தவள் அருள்மொழி.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மெதுவாக இருந்தது. கம்பெனியின் சம்பளம், லாரி எடை, வருகைப்பதிவு எல்லாமே ஒரே பெரிய பதிவில்தான் கிடந்தன. ஸ்கிரீன் ஒவ்வொரு தடவையும் அங்கே போய்க் கேட்டுவிட்டு வரப் பத்து விநாடி, பதினைந்து விநாடி ஆனது. லாரிக்காரன் கீழே ஹார்ன் அடிப்பான், சங்கரலிங்கம் மேலே திட்டுவார். சுபாஷ் அருள்மொழியைக் கூப்பிட்டு, "ஸ்பீடு பண்ணுங்க" என்றான்.

அவள் நடுவில் ஒரு குட்டிப் பதிவை வைத்தாள். கேஷ் மெமரி என்று அவர்கள் தொழிலில் பெயர். என் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள்.

"உண்மை பெரிய பதிவுலதான்கா இருக்கும். ஸ்கிரீன் அவ்ளோ தூரம் போகாம குட்டிப் பதிவைப் பாத்துக்கும். டக்குனு வந்துடும். யாராவது கார்டு தேய்ச்சா, மொதல்ல பெருசுல எழுதும். எழுதிட்டு, குட்டியில இருக்கிறத அழிச்சிடும். ஸ்கிரீன் வந்து பாத்து, குட்டி காலியா இருந்தா, பெருசுகிட்ட போயி கேட்டு, வந்த பதில குட்டியில எழுதி வச்சிக்கும்."

"புதுசை நேரா குட்டியிலயும் எழுதிட்டா என்ன? எதுக்கு அழிக்கணும்?"

"நீங்க காலண்டர்ல எதுக்கு அடிக்கிறீங்க?"

டவுன்ஷிப்பில் ஷிப்ட் போகிறவன் வீட்டில் எல்லாம் அடுக்களைக் காலண்டர் ஒன்று இருக்கும். ஆபீஸில் ஒட்டும் ஷிப்ட் சார்ட்டைப் பார்த்து, தேதிக்கட்டத்தில் ஏ, பி, சி என்று நாங்கள் எழுதி வைத்துக்கொள்வோம். என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரத்துக்குத் தன் ஷிப்ட் எதுவும் நினைவிருக்காது. காலண்டரைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார், காலண்டரைப் பார்த்துத்தான் தூங்குவார். யாராவது லீவு போட்டால் சார்ட் மாறும். மாறிவிட்டது என்று காதில் விழுந்த உடனே நான் அந்தக் கட்டத்தை அடித்துவிடுவேன். காலியாகக் கிடந்தால் கேட்கத் தோன்றும். தப்பாக எழுதியிருந்தால் கேட்கவே தோன்றாது. பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் குடும்பம் நடத்துகிறேன்.

"அதேதான்கா" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் பயம் இல்லாமல் பார்த்தேன். ஸ்கிரீன் வேகமாக ஓடியது. சுபாஷ் அவளுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரசம் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். இளம்பரிதி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"வெள்ளிக்கெழம ஒரு கூத்து. ரெண்டாம் டேங்க்குல தட்டிகினு இருக்கேன், ஊதறதுக்கு மின்னாடி அடிக்கிற ஹாரன அடிச்சிட்டாரு சங்கரலிங்கம் அண்ணன். நல்லவேளை அப்பதான் மூக்கு அரிக்குதுன்னு காதுல வச்சதைக் கழட்டி மாஸ்க்க எறக்கினேன். கேட்டுச்சி. வாசல்ல உருண்டு வெளிய வந்து விழுந்தேன் பாரு, முட்டி பூரா செராய்ப்பு. கார்டு தேய்க்காம போயிட்டேன் போல."

அருள்மொழியின் கையில் இருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

"தேய்ச்சியா இல்லியா?"

"தேய்ச்ச மாதிரிதான் இருக்குது. சங்கரலிங்கம் அண்ணன் பச்சையா இருந்துச்சிங்கிறாரு. அப்ப தேய்க்கலதான?"

அவள் கை கழுவாமல் லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணன் அப்பளம் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை, நான் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை என் பக்கம் திருப்பினாள். பெரிய பதிவில் தெளிவாக இருந்தது. இளம்பரிதி, இரண்டாம் டேங்க், உள்ளே, காலை ஏழு முப்பத்தொன்று. அவன் கார்டு தேய்த்திருக்கிறான்.

"அப்புறம் ஏன் பச்சை?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா" என்றாள். உதடு வெளுத்துப் போயிருந்தது.

இளம்பரிதி எழுந்து கை கழுவினான். "நீ பண்ணதுதான, நீயே சரி பண்ணிடு" என்று தங்கச்சி தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். அவனைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான்.

அதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அவள் ஆயிரம் தடவை சோதித்துப் பார்த்தாள். உள்ளே போனதாக எழுதினால் சிவப்பு வரும். வெளியே வந்ததாக எழுதினால் பச்சை வரும். ஒரு தடவை கூடத் தப்பவில்லை. தப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கே ஓட்டை என்று தெரியும். எதுவும் தப்பாமல் இருந்ததுதான் அவளைக் கொன்றது.

சுபாஷிடம் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன்.

"ஒரு தடவைதானே, நெட்வொர்க் பிராப்ளமா இருக்கும்."

"சார், கேஷை எடுத்துட்டு நேரா மெயின்லயே கேக்க வச்சிடலாம் சார். மெதுவா வந்தாலும் சரியா வரும்."

"வியாழக்கிழமை சேஃப்டி ஆடிட் வர்றாங்கம்மா. ஸ்கிரீன் சுத்திகிட்டு நின்னா என் மானம் போயிடும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. மெயில் கியில் எழுதி வைக்காதீங்க."

அண்ணனிடம் கெஞ்சினாள். நாலு நாள் லீவு போடு என்றாள். "கான்ட்ராக்ட்டுக்கு லீவு ஏதுடி? நாலு நாள் போவலன்னா அஞ்சாம் நாள் வேற ஒருத்தன் எறங்குவான். அவன் செத்தா பரவால்லியா?" என்று கேட்டான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரு மிஸ்டு கால் கொடு என்றாள். டேங்க்கில் இறங்குகிறவர்கள் போனைக் கம்பெனி வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டுமாம்.

எனவே காலை ஏழரையிலிருந்து அவன் வேலை முடிந்து போன் எடுக்கும் வரை அவள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு கண் லேப்டாப்பில், ஒரு கண் போனில். வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறாள் என்று வெங்கடேஷ் நினைத்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் தெரியும், அவள் ஒரு சாவுச் செய்திக்குக் காத்துக்கொண்டிருந்தாள். திங்கள்கிழமை மிக்ஸி ஓடியதும் அலறிவிட்டாள். செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் சுரங்கத்து வெடிச்சத்தம் கேட்டபோது, வழக்கமாகத் தினமும் கேட்கும் சத்தம்தான், அவள் கழுவிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே தரையில் விட்டாள்.

"ரேஷன் கடை மிஷின் எங்கம்மாவ இல்லன்னு சொல்லிச்சிக்கா. நான் செஞ்ச மிஷின் எங்கண்ணன இல்லன்னு சொல்லுது" என்றாள். வாயை மூடுடி என்று அதட்டினேன்.

புதன்கிழமை என் வீட்டில் நடந்தது வேறு கதை. அன்று என் வீட்டுக்காரர் காலை ஷிப்ட். வியாழக்கிழமைக் கட்டத்தில் எழுதியிருந்தது எண்ணெய்க் கறை பட்டுத் தெரியவில்லை, நாளைக்கு என்ன ஷிப்ட் என்று போனில் கேட்டேன். சார்ட்டைப் பார்த்து மெசேஜ் போடுகிறேன் என்றார். மெசேஜ் வரவில்லை. அரைமணி கழித்து மூன்றாவது தெரு கிருஷ்ணப்ரியா கூப்பிட்டாள். அவள் புருஷன் டைம் ஆபீஸில் வேலை.

"ஹரிணிம்மா, சார்ட்ட மாத்தி ஒட்டியிருக்காங்களாம். உங்க வீட்டுக்காரர் பேரும் மாறியிருக்குதாம். என்ன ஷிப்டுன்னு இவரு பாக்கல."

உடனே வியாழக்கிழமைக் கட்டத்தை அடித்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் மெசேஜ் வந்தது. நாளை பி ஷிப்ட். சரி, புதுசு வந்துவிட்டது என்று கட்டத்தில் பி என்று எழுதினேன். பி ஷிப்ட் என்றால் மதியம் இரண்டு மணிக்குப் போனால் போதும். அவர் வந்தார், காலண்டரைப் பார்த்தார், சாப்பிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை விடிகாலை ஷிப்ட் பஸ் வந்து எங்கள் முனையில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆறரைக்கு ஃபோர்மேன் போன். ஏ ஷிப்டுக்கு ஏன் வரவில்லை என்று.

"உன் காலண்டரால எனக்கு ஆப்சென்ட்! பி-ன்னு எழுதி வச்சிருக்கே!"

"நீங்கதானே பி-ன்னு அனுப்பினீங்க! என் கைய குறை சொல்றீங்க?"

"நான் பாத்தப்ப பி-தான் இருந்துச்சு!"

அரைமணி நேரம் கத்தினோம். மகள் ஹரிணி காதைப் பொத்திக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்பினாள். நியாயம் கேட்க, போனும் கையுமாக அருள்மொழி வீட்டுக்குப் போனேன். மணி ஏழு பத்து. வெங்கடேஷ் ஷிப்டில் இருந்தான். அவள் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள், தலை கூட வாரவில்லை.

"நீயே சொல்லுடி. மெசேஜ் வந்தது பத்து நாப்பதுக்கு. கிருஷ்ணப்ரியா கூப்பிட்டது பத்தரைக்கு. பிந்தி வந்ததைத்தானே புதுசுன்னு எடுத்துக்கணும்?"

அசிரத்தையாகப் போனை வாங்கிப் பார்த்தாள். "இவரு அனுப்பினது பத்து அஞ்சுக்குக்கா. சுரங்கத்துல சிக்னல் இல்ல, மாட்டிகினு நின்னு பத்து நாப்பதுக்கு வந்திருக்குது. அவரு பாத்தது பழைய சார்ட்டு. நீங்க அடிச்சது கரெக்ட்டு. அடிச்சதுக்கு அப்புறம் பழசு வந்து…"

பாதியில் நிறுத்தினாள். போனை மேஜையில் வைத்தாள். ரொம்ப மெதுவாக வைத்தாள்.

"அடிச்ச கட்டத்துல பழசு வந்து உக்காந்துடுச்சி. காலியா இருந்திருந்தா நீங்க கேட்டிருப்பீங்க. பி-ன்னு இருக்கவே யாருமே கேக்கல."

"அதைத்தான் நானும்…"

"அக்கா, அவனுக்கு முன்னாடி எவனோ தேய்ச்சி குட்டி காலியா கெடக்குது, ஸ்கிரீன் பெருசுகிட்ட கேக்குது. ஆள் இல்லன்னு பதில் கெளம்புது. அது வழியில மாட்டிகினு இருக்கிறப்ப எங்கண்ணன் கார்டு தேய்க்கிறான். பெருசுல எழுதிடுது. குட்டிய அழிச்சிடுது. அப்புறமா அந்தப் பழைய பதில் மெதுவா வந்து, குட்டியில பச்சைன்னு எழுதிடுது. அடுத்த தடவை யாராவது தேய்க்கிற வரைக்கும் பச்சைதான்."

மேஜையில் கிடந்த என் போனை எடுத்து அந்த மெசேஜை மறுபடி பார்த்தேன்.

"நான் சோதிச்சப்ப வராததுக்குக் காரணம், நான் ஒருத்தியா சோதிச்சேன். எதுவும் வழியில மாட்டல. பெருசு எப்ப ரொம்ப மெதுவா இருக்கும்? ஷிப்ட் ஆரம்பிக்கிறப்ப. எல்லாரும் ஒரே நேரத்துல கார்டு தேய்க்கிறப்ப." கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழரைக்கு."

ஏழு இருபத்தொன்று ஆகியிருந்தது.

சுபாஷைக் கூப்பிட்டாள். "ஒன்பது மணிக்கு ஆடிட் டீம் வருது, இன்னைக்கு மட்டும் எதையும் தொட்டீங்க, நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டான். கேபினுக்குப் போட்டாள், சங்கரலிங்கம் எடுக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் வாசல் பெட்டிக்குள் போயிருக்கும்.

அவள் லேப்டாப்பை இழுத்துத் தட்டினாள். கடவுச்சொல் இரண்டு தடவை தப்பானது. நான் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளைத் தாங்கவா, நான் விழாமல் இருக்கவா என்று எனக்கே தெரியாது. சரி பண்ண நேரம் இல்லை என்றாள். குட்டிப் பதிவையே பிடுங்கி எறிந்தாள். மூன்று டேங்க்கையும் பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் மஞ்சளாக்கி, தெரியவில்லை, இறங்கிப் போய்ப் பார்க்கவும் என்று ஒரு வரி வர வைத்தாள். அவள் கடைசிப் பொத்தானை அழுத்தும்போது ஏழு முப்பத்திநாலு.

இரண்டு நிமிஷம். பிறகு போன் வந்தது. சங்கரலிங்கம்.

"இன்னாம்மா உன் டிவி மஞ்சக்காமாலை வந்து கெடக்குது? கீழ லாரிக்காரன் என் ஆத்தாளத் திட்டிகினு இருக்கான்!"

"அண்ணே, பட்டனைத் தொட்டுட்டீங்களா?"

"எங்க தொட?"

"தொடாதீங்கண்ணே. கால்ல விழுறேன். கீழ எறங்கிப் போயி ரெண்டாம் டேங்க்குல ஆள் இருக்குதான்னு கூப்ட்டுப் பாருங்க."

"அறுவத்திரெண்டு படிம்மா. என் முட்டி உன் அப்பன் வூட்டு முட்டியா?"

"அண்ணே!"

அவள் கத்திய கத்தலில் அவர் எழுந்துவிட்டார். படியில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரும்புப் படி. டங், டங். நடுவில் மூச்சு வாங்கினார். லாரி ஹார்ன் கேட்டது. அருள்மொழி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்கு மேல் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது.

"எறங்கிட்டேன். வாசல்கிட்ட ஒரு ஜோடி செருப்பு கெடக்குதும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டேய்! யார்றா உள்ள?"

பதில் இல்லை. டேங்க்குக்குள் அவர் குரலே சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடி கூப்பிட்டார். இல்லை. எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"தட்டுற சத்தம் கேக்குது" என்றார். "இரு, கல்ல எடுத்து அடிக்கிறேன்." இரும்பில் கல் மோதும் சத்தம். மூன்று தடவை. தட்டுவது நின்றது.

"இன்னாண்ணே? டீ வந்துடுச்சா?"

இளம்பரிதியின் குரல்.

சங்கரலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் குரல் வந்தபோது அதில் வசவு எதுவும் இல்லை.

"பச்சையாதாம்மா இருந்துச்சி. ரெண்டாம் நம்பரு. ஹாரன் அடிக்கலாம்னு கையத் தூக்குனேன், மஞ்சளாச்சி. இவன் காதுல அடைச்சிகினு இருக்கான், ஹாரன் கேட்டிருக்காது."

அருள்மொழி போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள். வெறும் வயிறு, வாந்தி எடுக்கவும் எதுவும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சுத்தி இருக்குதாக்கா? மூணு ஆணியும்?"

ஒன்பது மணிக்கு மேல் என் ஸ்கூட்டரில்தான் போனோம். கேபினில் ஆடிட் ஆட்கள் மூன்று பேர், சுபாஷ், மூலையில் முட்டியைத் தடவிக்கொண்டு சங்கரலிங்கம். இவள் நேராகச் சுவர்ப் பக்கம் போனாள். ஆணி பிடுங்கிய பழைய ஓட்டைகள் சுவரில் அப்படியே இருந்தன. அதிலேயே வைத்து அடித்தாள். முதல் ஆணி வளைந்தது. நான் வாங்கி நிமிர்த்திக் கொடுத்தேன்.

"என்ன இது?" என்று ஆடிட் ஆட்களில் கண்ணாடி போட்ட பெரியவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார், டெகரேஷன்…" என்று சுபாஷ் ஆரம்பித்தான்.

"சோத்துப் பை மாட்டுற ஆணி சார்" என்றார் சங்கரலிங்கம். "நீங்க ஒக்காருங்க, நான் சொல்றேன்." எல்லாவற்றையும் சொன்னார். ஆணி பிடுங்கியது, பச்சை, மஞ்சள், செருப்பு. பெரியவர் எழுதிக்கொண்டே இருந்தார். சுபாஷ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மறுமாதம் அவனை வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். அருள்மொழியை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

ஒரு வாரம் ஸ்கிரீன் மஞ்சளாகவே இருந்தது. அந்த ஒரு வாரமும் படி ஏறி இறங்கத் தனியாக ஆள் போட்டார்கள். அதற்குள் அவள் சரி செய்தாள். இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அழித்தாலும் குட்டிப் பதிவு அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். பழைய எண்ணோடு பிந்தி வரும் பதிலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதோடு, குட்டியில் எது எழுதினாலும் ஐந்து விநாடியில் தானாக அழிந்துவிடும். நானும் காலண்டரில் ஷிப்டுக்குப் பக்கத்தில், அவர் சார்ட்டைப் பார்த்த நேரத்தையும் எழுதுகிறேன். மெசேஜ் வந்த நேரத்தை அல்ல.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. தினமும் ஏழு முப்பத்தைந்துக்குக் கேபினுக்குப் போன் போடுகிறாள். சங்கரலிங்கமும் பழகிவிட்டார். ஆணியைப் பார்த்துச் சொல்வார், இவள் ஸ்கிரீனைப் பார்த்துச் சரிபார்ப்பாள்.

போன வாரம் அவள் போன் போடும்போது நானும் அவள் வீட்டில் இருந்தேன். ஸ்கிரீனில் இரண்டு சிவப்பு, ஒரு பச்சை. மூன்றாம் டேங்க் பச்சை.

"மூணு பை தொங்குதும்மா" என்றார்.

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். பெரிய பதிவைத் திறந்தாள். அங்கேயும் மூன்றாம் டேங்க்கில் ஆள் இல்லை.

"எறங்கிப் பாருங்கண்ணே."

"பாக்க வேணாம்மா, அது என்னோட பை. பொண்டாட்டி புளிசோறு கட்டிக் குடுத்தா."

"உங்க பைய எதுக்குண்ணே அதுல மாட்டினீங்க!"

"வேற எங்க மாட்ட? மேஜையில வச்சா எறும்பு வருது."

போனை வைத்துவிட்டுப் பெரிய பதிவை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். பிறகு மறுபடி போட்டாள்.

"பை உங்களுதுதான்னாலும் ஒரு தடவை எறங்கிப் பாத்துட்டு வந்துடுங்கண்ணே."

அவர் திட்டிக்கொண்டே இறங்கினார். அறுபத்திரண்டு படியும் அவள் எண்ணினாள். மூன்றாம் டேங்க் காலியாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவள் கடைக்குப் போய், சங்கரலிங்கத்துக்கென்று நான்காவதாக ஓர் ஆணி வாங்கி வந்தாள். அதை எதிர்ச்சுவரில்தான் அடிக்கவேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.